சுடுவதற்கு ஆளில்லாமல் போன கதை

1860 ஜூலை 2. லண்டனை ஒட்டிய விம்பிள்டன் பொட்டல். இன்றைக்கு அந்தப் பேரைச் சொன்னால் வெள்ளை உடுப்பும் டென்னிஸும் நினைவுக்கு வரும். அன்றைக்கு அங்கே துப்பாக்கித் திருவிழா. முந்தின வருஷம்தான் பிறந்திருந்த தேசிய ரைஃபிள் சங்கம் தன் முதல் போட்டியை நடத்திக்கொண்டிருந்தது. பிரான்சில் மூன்றாம் நெப்போலியன் மீசையை மெழுகு போட்டு முறுக்கிக்கொண்டிருந்தார். எந்த ராத்திரியிலும் கால்வாயைத் தாண்டி வந்துவிடுவார் என்று இங்கிலாந்துக்கு வயிற்றில் புளி கரைந்தது. ஆகவே குமாஸ்தா, கடைக்காரர், வக்கீல் எல்லோரும் சுடக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு. தொடங்கிவைக்க விக்டோரியா மகாராணியே எழுந்தருளியிருந்தார்.

முதல் தோட்டா ராணியுடையது. ராணி குறி தவறினால் நன்றாகவா இருக்கும்? மறுநாளே பாரிஸ் சிரிக்குமே. இதற்கு ஒரு வழி செய்தவர் ஜோசப் விட்வொர்த் என்ற பொறியாளர். அவர் தன் ரைஃபிளை ஓர் இரும்புத் தாங்கியில் அசையாமல் இறுக்கினார். 400 கஜத்துக்கு அப்பால் இருந்த இலக்கின் மையத்துக்கு நேராகக் குறியை முன்கூட்டியே சரிசெய்தார். விசையில் ஒரு பட்டுக் கயிற்றைக் கட்டித் தொங்கவிட்டார். ராணி வந்தார், கயிற்றை இழுத்தார், டுமீல். குண்டு மையத்திலிருந்து ஒன்றேகால் அங்குலம் தள்ளிப் பாய்ந்திருந்தது. கூட்டம் ஆர்ப்பரித்தது. நோகாமல் நுங்கு தின்பது என்று நம்மூரில் சொல்வோம். நுங்கை நோண்டி வாயருகே கொண்டுபோய், தாடையையும் பிடித்து அசைத்துவிட்ட கதை இது.

ஆனாலும் எனக்கு இந்தக் காட்சி பிடிக்கும். துப்பாக்கி என்பது எதிரே நிற்கும் ஒருவரைச் சாய்ப்பதற்காகச் செய்த பண்டம். அதை ‘விளையாட்டு’ என்று கூப்பிட ஆரம்பித்த பிறகு நடந்தது என்னவென்றால், எதிரே நின்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போய்விட்டார்கள். முதலில் எழுந்து போனது புறா.

புறாவின் வழக்கு பழையது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்துக் கனவான்கள் தரையில் குழி தோண்டி, குழிக்குள் ஒரு புறாவை வைத்து, மேலே ஒரு பழைய தொப்பியைக் கவிழ்த்துவிடுவார்கள். சுடுகிறவர் தயாரானதும் ஓர் ஆள் தொப்பியில் கட்டிய கயிற்றை இழுப்பான். தலைக்கு மேல் திடீரென்று வானத்தைக் கண்ட புறா குழம்பிப்போய்ப் பறக்கும். கனவான் சுடுவார். இந்தக் கலையை வளர்ப்பதற்காகவே 1869-இல் லண்டனில் ஹர்லிங்ஹம் கிளப் தொடங்கப்பட்டது. சுடுவதை அவர்கள் எப்போதோ நிறுத்திவிட்டார்கள், ஆனால் சின்னத்தில் இன்னும் புறா இருக்கிறது. இத்தனை தலைமுறையைத் தீர்த்துக்கட்டியதற்கு ஒரு படத்திறப்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

புறாவுக்குச் செலவு அதிகம். வளர்க்க வேண்டும், தீனி போட வேண்டும், கூண்டில் ஏற்றிக்கொண்டுவர வேண்டும். சுட்டபின் அடுத்த போட்டிக்கு உதவாது. அமெரிக்கர்கள் கணக்குப் போட்டார்கள். கண்ணாடி உருண்டையைக் காற்றில் எறிந்து சுட்டால் என்ன? சுட்டார்கள். உடைந்தது. ஆனால் மனசு நிறையவில்லை, ஏதோ குறைந்தது. யாருக்கோ யோசனை வந்து, கண்ணாடி உருண்டைக்குள் இறகு அடைத்து விற்க ஆரம்பித்தார்கள். சுட்டால் சில்லு ஒரு பக்கம் சிதற, இறகு மிதந்து மிதந்து இறங்கும். புறாவைக் கொல்லாமலே புறாவைக் கொன்ற திருப்தி. சைவ ஹோட்டலில் ‘வெஜ் மீன் குழம்பு’ சாப்பிடுகிறவர்களுக்கு இந்த மனநிலை புரியும்.

பிறகு 1880-இல் சின்சினாட்டியைச் சேர்ந்த ஜார்ஜ் லிகோவ்ஸ்கி என்பவர் களிமண் தட்டு ஒன்றைச் செய்தார். குளத்தில் பையன்கள் தவளைக்கல் விடுவதைப் பார்த்து அந்த யோசனை பிறந்ததாகக் கதை. சுழன்றுகொண்டே பறவை மாதிரி சீராகப் பறந்தது. ஒரே சங்கடம், மனிதர் அதைச் சட்டி பானை மாதிரி நன்றாகச் சுட்டு எடுத்துவிட்டார். குண்டு பட்டால் ‘டங்’ என்று கோவில் மணி போல் ஒலித்துவிட்டுத் தட்டு தன் வழியே போய்க்கொண்டிருந்தது. அப்புறம் தாரும் சுண்ணாம்புக்கல் தூளும் கலந்து செய்யத் தொடங்கினார்கள், ஒழுங்காக உடைந்தது. இன்றைக்கு அதில் களிமண்ணும் இல்லை, புறாவும் இல்லை. பெயர் மட்டும் ‘களிமண் புறா’. அதை எறியும் பொறிக்குப் பெயர் இன்னும் ‘டிராப்’, அதாவது புறாவை அடைத்த பொறி. தட்டை எறியச் சொல்லிச் சுடுகிறவர் கத்துவது ‘புல்!’, அதாவது தொப்பிக் கயிற்றை இழு! இருநூறு வருஷத்துக்கு முன்னால் தொப்பியை இழுத்த அந்த ஆளை இன்னும் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

இதில் நம்மவர் முந்திக்கொண்டதை இங்கே சொல்லியாக வேண்டும். துரோணர் மரத்தில் ஒரு பறவையை வைத்து, “என்ன தெரிகிறது?” என்று ஒவ்வொரு சீடனாகக் கேட்டாரே, காலண்டர் படங்களில் அது பச்சைக் கிளியாகப் பாவமாக உட்கார்ந்திருக்கும். வியாச பாரதத்தில் அது உயிருள்ள பறவையே இல்லை. தொழில்காரர்களைக் கொண்டு செய்துவைத்த பொம்மை. ஜார்ஜ் லிகோவ்ஸ்கியோடு காப்புரிமைச் சண்டை போட அஸ்தினாபுரத்திலிருந்து யாரும் போகவில்லை என்பது அவர் அதிர்ஷ்டம்.

களிமண் தட்டு வந்து இருபது வருஷம் ஆன பிறகும் பாரிஸ்காரர்களுக்கு நிஜப் புறா தேவைப்பட்டது. 1900-இல் பாரிஸ் ஒலிம்பிக் நடந்த கோடையில், அதையொட்டி உயிருள்ள புறாக்களைப் பறக்கவிட்டுச் சுடும் போட்டி நடந்தது. இரண்டு புறாவைத் தவறவிட்டவர் வெளியே. ஏறக்குறைய 300 புறாக்கள் விழுந்தன. மைதானமெங்கும் ரத்தமும் இறகும். பெல்ஜியத்தின் லியோன் த லுண்டன் 21 புறாவைச் சாய்த்து ஜெயித்தார். பரிசு 20,000 ஃபிராங்க். முதல் நான்கு பேர் அதைப் பங்குபோட்டுக்கொண்டார்கள். அது ஒலிம்பிக்கே இல்லை, பக்கத்தில் தற்செயலாக நடந்த வேறு விசேஷம் என்று சரித்திரக்காரர்கள் பிற்பாடு சாதிக்கிறார்கள். குடும்பத்தில் ஒருவர் ஜெயிலுக்குப் போனால் ‘அவர் தூரத்துச் சொந்தம்’ என்பதில்லையா, அப்படி. கூண்டுப் பறவையைச் சுடக்கூடாது என்று இங்கிலாந்து சட்டமே போட்டது 1921-இல். புறாவுக்கு விடுதலை. ஒலிம்பிக்காரர்களோ அதே புறாவைச் சமாதானத்தின் சின்னமாகப் பறக்கவிட்டார்கள். அந்தப் பறவையின் இடத்தில் நான் இருந்தால் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பறந்திருப்பேன்.

அடுத்து எழுந்து போனவன் மனிதன். அதற்கு முன்னால் பாஸ்டனிலிருந்து வந்த பெய்ன் சகோதரர்கள்.

1896, ஏதென்ஸ், முதல் நவீன ஒலிம்பிக். தம்பி ஜான் பெய்ன் அமெரிக்காவிலிருந்து கிளம்பி, வழியில் பாரிஸில் இறங்கி, அங்கே வேலையாக இருந்த அண்ணன் சம்னரையும் இழுத்துக்கொண்டு போனார். கிரேக்கத்தில் என்ன போட்டி, எத்தனை தூரம், எத்தனை குண்டு என்று ஒன்றும் தெரியாது. இருக்கட்டும் என்று ஒரு கைத்துப்பாக்கிக் குவியலும் 3,500 தோட்டாக்களும் மூட்டை கட்டினார்கள். மொத்தத்தில் செலவானது 96 தோட்டா. காசி யாத்திரைக்கு ஊறுகாய் ஜாடியோடு கிளம்பும் மாமிகளுக்கு இதெல்லாம் சாதாரணம். முதல் போட்டியில் தம்பி முதலிடம், அண்ணன் இரண்டாவது. மற்றவர்களை வெகுதூரம் பின்னால் விட்டிருந்தார்கள். உபசரித்த வீட்டாரை இதற்கு மேல் அவமானப்படுத்தக்கூடாது என்று அடுத்த போட்டியிலிருந்து தம்பி விலகிக்கொண்டார். அதில் அண்ணன் முதலிடம்.

இந்த அண்ணன் சம்னர் 1901-இல் பாஸ்டனில் ஒருநாள் வீடு திரும்பும்போது, மகளுக்குச் சங்கீதம் சொல்லிக்கொடுக்க வந்த வாத்தியாரை மனைவியோடு பார்த்துவிட்டார். துப்பாக்கியை எடுத்து நான்கு முறை சுட்டார். வாத்தியார் மேல் ஒரு கீறல் இல்லை; ஓடிப்போனார். போலீஸ் சம்னரைப் பிடித்து உள்ளே வைத்தது. பிறகு இவர் ஒலிம்பிக்கில் ஜெயித்தவர் என்று தெரிந்ததும், இந்த மனிதர் நான்கு குண்டையும் தவறவிட வேண்டுமென்றால் வேண்டுமென்றே தவறவிட்டிருக்க வேண்டும் என்று முடிவுகட்டி வெளியே விட்டார்களாம். பதக்கம் ஜாமீன் கொடுத்த கதை. எனக்கென்னவோ அன்றைக்கு அவருக்குக் கை நடுங்கியிருக்கும் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் எந்த ஒலிம்பிக் வீரன் அதைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒத்துக்கொள்வான்?

ஐரோப்பாவில் மானம் போனால் துப்பாக்கியோடு ஒற்றைக்கு ஒற்றைச் சண்டைக்கு நிற்பது அப்போது வழக்கொழிந்துகொண்டிருந்த பழக்கம். அதையும் விளையாட்டாக்கினார்கள். 1906-இல் ஏதென்ஸில் நடந்த போட்டியில், நீண்ட கறுப்புக் கோட்டு மாட்டிய ஒரு பொம்மை மனிதனை நிற்கவைத்து, அவன் தொண்டையில் வட்டம் போட்டு, அதைச் சுடச் சொன்னார்கள். தொண்டை! யார் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தாரோ, அவர் வீட்டில் நிச்சயம் யாரோ சங்கீதம் கற்றுக்கொண்டிருக்க வேண்டும். பொம்மையின் கோட்டு நல்ல தையல் என்று வேறு சொல்லிக்கொண்டார்கள் என்று எழுதத் துடிக்கிறது கை, ஆனால் அது நான் சேர்ப்பது.

1908, லண்டன் ஒலிம்பிக். இப்போது பொம்மையும் வேண்டாம், நிஜ மனிதர்களையே சுடலாம் என்று துணிந்தார்கள், மெழுகுத் தோட்டாவால். பாரிஸில் ஒரு டாக்டர் கண்டுபிடித்த ஏற்பாடு அது. முகத்துக்குக் கனத்த கவசம், உடம்புக்கு நீளமான தடித்த அங்கி, விரல் போகாமலிருக்கத் துப்பாக்கிப் பிடியில் ஒரு தகடு. இரண்டு பேர் இப்படி மூட்டை மாதிரி எதிரெதிரே நின்று ஒருவர் மேல் ஒருவர் மெழுகை அப்பிக்கொண்டார்கள். பதக்கம் கிடையாது, செய்துகாட்டல் மட்டும். மானத்துக்காக உயிரைக் கொடுத்த மரபு மெழுகில் வந்து முடிந்தது. மனிதனும் எழுந்து போனான். அவன் நிழலுருவம் மட்டும் வேகச் சுடுதல் போட்டிகளின் அட்டையில் இன்னும் பல பத்தாண்டுகள் நின்றது. பிறகு அதையும் வட்டமாக்கிவிட்டார்கள்.

அட்டையில் நின்ற அந்த ஆளைப் பார்த்துச் சுட்டவர்களில் பேர்போனவர் ஹங்கேரியின் கரோலி டகாக்ஸ். வாட்ஸ்அப்பில் சூரியகாந்திப் பூவோடும் காலை வணக்கத்தோடும் இவர் கதை உங்களுக்குக் கட்டாயம் வந்திருக்கும்: 1938-இல் பயிற்சியில் கையெறி குண்டு வெடித்து வலது கை சிதைந்தது, யாருக்கும் தெரியாமல் இடது கையால் பழகினார், 1948-லும் 1952-லும் தங்கம். அத்தனையும் உண்மை. ஆனால் வாட்ஸ்அப் மாமாக்கள் விட்டுவிடும் நல்ல துண்டு ஒன்று இருக்கிறது. 1936-இல் வலது கை சரியாக இருந்தபோதே அவரை ஒலிம்பிக்குக்கு அனுப்பவில்லை. அதிகாரிகளுக்கு மட்டும்தான் இடம். அவர் வெறும் சார்ஜென்ட். அதாவது கை போனதைவிடப் பெரிய ஊனம் தோளில் பட்டை இல்லாதது. 1948-இல் லண்டனில் அவரைப் பார்த்த அர்ஜென்டினாவின் உலக சாம்பியன், “நீங்கள் எங்கே இங்கே?” என்று கேட்க, “கற்றுக்கொள்ள வந்தேன்” என்றாராம். உலக சாதனையோடு தங்கம் வாங்கி இறங்கியதும், “போதுமான அளவு கற்றுக்கொண்டுவிட்டீர்கள்” என்றாராம் அந்த அர்ஜென்டினாக்காரர். தோற்றவன் இவ்வளவு அழகாகப் பேசுவது நம் சினிமாவில்கூட இல்லை.

மான் எழுந்து போன கதையும் உண்டு. அது முதலிலிருந்தே மரப்பலகை மான். தண்டவாளத்தில் நான்கு விநாடி ஓடும். அதைச் சுட்டே ஸ்வீடனின் ஆஸ்கர் ஸ்வான் 1908-இல் 60 வயதில் தங்கம் வாங்கினார். 64 வயதில் மறுபடி ஒரு தங்கம். 1920-இல் 72 வயதில் வெள்ளி. அந்த வயதில் நம்மூரில் கண்புரை ஆபரேஷனுக்குத் தேதி வாங்கிக்கொண்டிருப்பார்கள். இன்னொருவர் வால்டர் வினான்ஸ்; அமெரிக்கக் கோடீஸ்வரர், ஆனால் வாழ்ந்தது இங்கிலாந்தில். 1908-இல் மானைச் சுட்டுத் தங்கம். 1912-இல் ஒலிம்பிக்கில் சிற்பத்துக்கும் பதக்கம் கொடுத்தார்கள். ஒரு குதிரையை வெண்கலத்தில் வார்த்து அனுப்பி அதிலும் தங்கம். ஒரு பிராணியைச் சுட்டும், ஒரு பிராணியைச் செய்தும் தங்கம் வாங்கியவர் உலகத்தில் இவர் ஒருவர்தான்.

நம் நாட்டுப் பக்கம் வந்தாலும் இதே கதைதான், பட்டுக் குஞ்சத்தோடு. பிகானேர் மகாராஜா கங்கா சிங், கஜ்னேர் ஏரிக் கரையில் வைஸ்ராய்களை உட்காரவைத்துக் கல்கவுதாரி வேட்டை நடத்துவதில் உலகப் பிரசித்தம். பதவி உயர்வு, பட்டம், பீரங்கி மரியாதை எல்லாம் அந்த ஏரிக் கரையில் பேசி முடிக்கப்படும் என்பார்கள். கவுதாரிகள்தான் தரகு கொடுத்தன. அவருடைய பேரன் கர்ணி சிங் காலத்தில் வைஸ்ராய் இல்லை, ராஜ்ஜியம் இல்லை. பேரன் களிமண் தட்டுக்கு மாறினார். 1960 முதல் 1980 வரை ஐந்து ஒலிம்பிக்கில் சுட்டார். 1962-இல் கெய்ரோ உலகப் போட்டியில் டிராப் பிரிவில் வெள்ளி. நடுவே பல வருஷம் லோக்சபா எம்.பி. வேறு. டெல்லி துக்ளகாபாதில் உள்ள சுடும் மைதானத்துக்கு அவர் பெயர்தான். கிட்டத்தட்ட இதே வழியில் வந்தவர் புதுக்கோட்டைத் தொண்டைமான் வம்சத்துப் பிருத்விராஜ். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் டிராப் சுட்டார். சமஸ்தானங்கள் போனாலும் ‘புல்!’ என்று கத்த ஒரு குரல் மிச்சமிருக்கிறது.

சரி, புறா, மனிதன், மான் எல்லாம் போயாயிற்று. மிச்சம்? ஒரு புள்ளி. பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். முற்றுப்புள்ளி அளவுதான். அதைக் குறிவைக்க ஆட்கள் கான்வாஸும் தோலும் வைத்துத் தைத்த விறைப்பான சட்டையும் பேண்ட்டும் போட்டுக்கொண்டு, வாத்து மாதிரி நடந்து வந்து, மூச்சைப் பாதியில் நிறுத்தி, இரண்டு இதயத் துடிப்புக்கு நடுவில் சுடுகிறார்கள். இந்த விளையாட்டில் ஊக்க மருந்து என்றால் ஊக்கம் கெடுக்கும் மருந்து. ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிடும் மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டு 2008-இல் ஒரு வட கொரியர் இரண்டு பதக்கத்தைத் திருப்பிக் கொடுத்தார். அந்த மாத்திரை நம் வீட்டுத் தாத்தாவின் டப்பாவில் இருக்கும். தாத்தா தெரியாமலே ஒலிம்பிக் தடை வாங்கியிருக்கிறார்.

இந்தப் புள்ளியின் முன்னால் நின்றவர்களில் என் மனசில் குடியிருப்பவர் மேத்யூ எம்மன்ஸ். அமெரிக்கர். 2004 ஏதென்ஸ். அந்த வருஷம் ஏப்ரலில் பயிற்சி மையத்தில் வைத்திருந்த அவருடைய ரைஃபிளை எவனோ கெடுத்துவைத்தான். இரவல் ரைஃபிளால் சுட்டே ஒரு தங்கம் வாங்கிவிட்டார். அடுத்தது 50 மீட்டர், மூன்று நிலைப் போட்டி. கடைசிக் குண்டு மட்டும் பாக்கி. மூன்று புள்ளி முன்னிலை. 7.2 அடித்தால் தங்கம். அவர் தரத்துக்கு அது தூக்கத்தில் அடிக்கும் அடி. வழக்கமாக அவர் இலக்குக்கு மேலே உள்ள எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் துப்பாக்கியை மையத்துக்கு இறக்குவார். அன்றைக்குப் படபடப்பை அடக்குவதிலேயே குறியாக இருந்ததில் அந்த வேலையை விட்டுவிட்டார். சுட்டார். தங்கத்துக்குப் போதுமான அடி. திரையில் ஒன்றும் வரவில்லை. எந்திரம் கெட்டுப்போயிற்று என்று நடுவர்களைப் பார்த்துக் கை காட்டினார். நடுவர்கள் கூடிப் பேசினார்கள். எந்திரம் நன்றாகத்தான் இருந்தது. இரண்டாம் தடத்தில் நின்றவர் மூன்றாம் தடத்து இலக்கைச் சுட்டிருந்தார். பூஜ்யம். முதலிடத்திலிருந்து எட்டாமிடம்.

பக்கத்து இலைக்குப் பாயசம் என்பதை இவ்வளவு துல்லியமாகச் செய்து காட்டியவர் வேறு யாருமில்லை. அதிலும் பக்கத்து இலைக்காரரான ஆஸ்திரியருக்கும் அந்தப் பாயசம் சேரவில்லை. தங்கம் போனது ஒரு சீனருக்கு. துரோணர் பரீட்சையில் அர்ஜுனன் “மரம் தெரியவில்லை, கிளை தெரியவில்லை, பறவையின் தலை மட்டும் தெரிகிறது” என்று சொல்லி நூற்றுக்கு நூறு வாங்கினான். எம்மன்ஸுக்கும் அதேதான் தெரிந்தது. பறவைதான் வேறொருவனுடையது. மற்றச் சீடர்கள் மரத்தையும் ஆட்களையும் பார்த்தேன் என்று சொன்னதற்குத் திட்டு வாங்கினார்களே, அவர்கள் சார்பில் எனக்கு அன்றைக்குக் கொஞ்சம் சந்தோஷம்.

சாயங்காலம் அங்கிருந்த பீர்க் கூடத்தில் மனிதர் உட்கார்ந்திருந்தபோது, செக் நாட்டுத் துப்பாக்கி வீராங்கனை கேத்தரினா குர்கோவா ஆறுதல் சொல்ல வந்தார். 2007-இல் கல்யாணம். தப்பான இலக்கைச் சுட்டுச் சரியான இலக்கை அடைந்தார் என்று எல்லாப் பத்திரிகையும் எழுதியதால் நான் எழுதவில்லை. 2008 பெய்ஜிங்கில் மனைவிக்குத் தங்கம், அந்த ஒலிம்பிக்கின் முதல் தங்கமே அதுதான். கணவர் அதே மூன்று நிலைப் போட்டியில், அதே கடைசிக் குண்டுக்கு, மறுபடி முன்னிலையில் வந்து நின்றார். 6.7 போதும். தடத்தின் எண்ணைப் பார்த்தார். இலக்கு சரியானதுதான். துப்பாக்கியை இறக்கிக்கொண்டிருக்கும்போதே விரல் விசையில் பட்டுவிட்டது. 4.4. நாலாமிடம். 2012 லண்டன், அதே போட்டி, கடைசிக் குண்டு 7.6, வெள்ளி வெண்கலமானது. மூன்று ஒலிம்பிக்கில் ஒரே ஒரு தோட்டா அவரை விடாமல் துரத்தியிருக்கிறது. சனி பகவான் ஏழரை வருஷத்தில் விட்டுவிடுவார், இது எட்டு.

அதே 2004-இல் அதே ஏதென்ஸில் நம் அபினவ் பிந்த்ரா ஏர் ரைஃபிள் இறுதிச் சுற்றில் ஏழாவதாக வந்தார். பிறகு பார்த்தால் அவர் நின்ற தரையில் ஓடு ஒன்று ஆடிக்கொண்டிருந்ததாம். நம்மில் யாராவது சொல்லியிருந்தால் ‘ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்’ என்று முடித்திருப்பார்கள். பிந்த்ரா விஷயத்தில் கூடம் நிஜமாகவே கோணல். அடுத்த நான்கு வருஷம் மனிதர் எதையும் தற்செயலுக்கு விடவில்லை. யாக் மாட்டின் பாலைக் குடித்துப் பார்த்தார். ஜெர்மனியில் உயரமான கம்பத்தில் ஏறி உச்சியில் நின்று பயத்தைப் பழக்கினார். பெய்ஜிங் அரங்கம் பெரியது என்பதால், ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, விளக்குப் போட்டு, அதற்குள் சுட்டுப் பழகினார். மண்டப மேனேஜரின் முகத்தை நினைத்துப் பாருங்கள்: “பெண் வீடா, மாப்பிள்ளை வீடா சார்?” 2008 ஆகஸ்ட் 11. கடைசிக் குண்டுக்கு முன் பின்லாந்துக்காரரோடு சரிசமம். அவர் 9.7. பிந்த்ரா 10.8. இந்தியாவுக்கு முதல் தனிநபர்த் தங்கம்.

பிறகு 2024 பாரிஸில் வந்தார் துருக்கியின் யூசுஃப் டிகெச். 51 வயது. சாதாரண டீ-ஷர்ட், சாதாரணக் கண்ணாடி, ஒரு கை பேண்ட் பாக்கெட்டில். பால் வாங்க வந்தவர் வழியில் ஒரு வெள்ளிப் பதக்கத்தையும் வாங்கிக்கொண்டு போன தோரணை. உலகமே படம் போட்டுக் கொண்டாடியது. பாக்கெட்டில் கைவிடுவது ஆட்டம் தெரியாத அலட்சியம் அல்ல, உடம்பு ஆடாமலிருக்கப் பிஸ்டல்காரர்கள் பலரும் செய்வதுதான். அவர் வெள்ளி வாங்கிய அதே கலப்பு இரட்டையர் போட்டியில்தான் மனு பாக்கரும் சரப்ஜோத் சிங்கும் நமக்கு வெண்கலம் வாங்கினார்கள் என்பது, அந்தப் பாக்கெட்டுக்குள்ளேயே மறைந்துபோனது.

நான் சுட்ட துப்பாக்கி மெரினா மணலில் பலூன்காரரிடம் இருந்தது. அதன் குழாய் லேசாகக் கோணல்; நேராகக் குறிவைத்தால் நிச்சயம் படாது. சிவப்பு பலூனைச் சுட வேண்டுமென்றால் பக்கத்திலிருக்கும் மஞ்சளைக் குறிவைக்க வேண்டும் என்று பத்து ரூபாய்க்குள் கற்றுக்கொண்டேன். எம்மன்ஸுக்கு அந்தத் துப்பாக்கியைக் கொடுத்திருந்தால் அன்றைக்குத் தங்கம்.

இனி மிச்சமிருந்தது தோட்டா. அதுவும் எழுந்து போயிற்று. நவீன ஒலிம்பிக்கைத் தோற்றுவித்த பியேர் த கொபெர்தான் ‘நவீன ஐந்து போட்டி’ என்று ஒன்றைச் சேர்த்தார். எதிரியின் எல்லைக்குள் மாட்டிக்கொண்ட ஒரு குதிரைப்படை அதிகாரியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள்: முன்பின் பழகாத குதிரையில் ஏறி ஓடுகிறான், கைத்துப்பாக்கியால் சுடுகிறான், வாள் போடுகிறான், ஆற்றை நீந்துகிறான், ஓடிப்போய்ச் செய்தியைச் சேர்க்கிறான். எம்.ஜி.ஆர். படத்தின் கடைசி இரண்டு ரீல். 1912-இல் முதல் போட்டி. அதில் அமெரிக்காவின் ஒரு இளம் லெப்டினென்ட் மொத்தத்தில் ஐந்தாவதாக வந்தார். மற்றவர்கள் சின்னத் தோட்டா போட, இவர் ராணுவத்துப் பெரிய தோட்டாதான் வேண்டும் என்று பிடிவாதமாகச் சுட்டார். இலக்கில் ஓட்டைகள் எண்ணிக்கையில் குறைந்தன. முன்னால் போட்ட ஓட்டை வழியாகவே அடுத்த குண்டும் போயிற்று என்பது அவர் தரப்பு வாதம். நடுவர்கள் தவறிய குண்டு என்று எழுதிக்கொண்டார்கள். அவர் பெயர் ஜார்ஜ் பேட்டன். பிற்காலத்தில் இரண்டாம் உலகப் போரில் தளபதியாகி, யாருடனும் வாதத்தில் தோற்காதவர் என்று பேரெடுத்தார்.

1968 மெக்சிகோவில் இதே போட்டியில் ஸ்வீடனின் ஹான்ஸ் குன்னர் லில்யென்வால், சுடும்போது கை நடுங்காமலிருக்க இரண்டு பீர் குடித்தார். பிடித்துவிட்டார்கள். ஸ்வீடன் அணியின் வெண்கலம் போயிற்று. ஒலிம்பிக் சரித்திரத்தில் ஊக்க மருந்துக்காக நீக்கப்பட்ட முதல் வீரர் அவர். மருந்து: பீர்.

2012 லண்டனில் கொபெர்தானின் அந்தக் கற்பனை அதிகாரியின் துப்பாக்கியிலிருந்து தோட்டாவை எடுத்துவிட்டு லேசர் கொடுத்தார்கள். விசையை அழுத்தினால் ஒளி போகும், எதிரே பச்சை விளக்கு எரியும். அப்புறம் டோக்கியோவில் ஒரு குதிரை நகர மாட்டேன் என்று நின்றுவிட்டது. மேலே இருந்த வீராங்கனை கண்ணீர் விட, ஒரு பயிற்சியாளர் குதிரையைக் குத்த, உலகமே பார்த்தது. பாரிஸோடு குதிரைக்கும் விடை. அடுத்த 2028-இல் அந்த இடத்தில் கம்பி பிடித்துத் தொங்கித் தாவும் தடைப் பந்தயம்.

ஆக, கொபெர்தானின் அதிகாரி இன்னும் எதிரி எல்லைக்குள்தான் இருக்கிறார். குதிரை இல்லை. குரங்குக் கம்பியில் தொங்கித் தொங்கி வருகிறார். எதிரியைக் கண்டதும் இறங்கி, மூச்சை அடக்கி, இரண்டு இதயத் துடிப்புக்கு நடுவில் டார்ச் அடிக்கிறார். எதிரிக்குக் கண் கூசுகிறது. “யாருப்பா அது, கரண்ட் போயிடுச்சா?” என்று கேட்கிறான்.